தலையில் வைத்த கை

கையை இறக்காதீங்கம்மா. தலையிலேயே இருக்கட்டும். நான் பார்க்குறேன்னுதானே சட்டுனு எடுத்தீங்க? வைங்க, வைங்க. வலது பக்கமா? தோள்பட்டையில பிடிச்சு விரல் நுனி வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இழுக்கும். கையைத் தூக்கி உச்சந்தலையில வச்சா கொஞ்சம் அடங்கும். அதானே? எனக்குத் தெரியும். எனக்கு நோவு ஒண்ணும் இல்லை, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தங்கச்சி உள்ள இருக்கா. கழுத்துக்கு மெஷின் வைக்கப் போறாங்க, இருபது நிமிஷம் ஆகுமாம்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணத்தான் வெளிய வந்தேன். பண்ணலை. என்னன்னு சொல்றது? உங்க பக்கத்துல கொஞ்சம் உக்காந்துக்கிறேன். நீங்க பேச வேண்டாம், கழுத்தை அசைக்காதீங்க. நான் பேசுறேன், எனக்கு வாய் சும்மா இருக்காது.

தமயந்தின்னு பேரு அவளுக்கு. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். எங்க அம்மா போனப்ப அவளுக்கு ஒம்பது வயசு, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன். சீரோட சேர்த்து ஒரு பிள்ளையையும் குடுத்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்தோம்மா, பார்க்காம இல்லை. ஜாதகத்துல செவ்வாய். வந்தவன் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போனான். அப்புறம் என் மக அபிராமி பிறந்தா. அவளைத் தூக்கிட்டுத் திரியவே தமாவுக்கு நேரம் சரியா இருந்துச்சு. எங்களுக்கும் அப்படியே விட்டுப் போச்சு.

வேலை என்னன்னா, இங்க ராஜபாளையத்துல பத்திரம் எழுதுற சண்முகவேல் அண்ணாச்சி இருக்காரே, அவர்கிட்ட டைப்பிங். கையால எழுதுன நகல் மேசையில இடது பக்கம் கிடக்கும். கம்ப்யூட்டர் எதிர்ல. குனிஞ்சு அதைப் பார்க்கணும், நிமிர்ந்து இதைப் பார்க்கணும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுப்பாதைன்னு நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருப்பா. பத்தொம்பது வருஷம்! கழுத்து என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க.

போன கார்த்திகையில ஆரம்பிச்சது. முதல்ல கழுத்துப் பிடிப்புன்னுதான் நினைச்சோம். தைலம் தேய்ச்சு விட்டேன், தலகாணியை மாத்திப் பார்த்தேன். ஒரு வாரத்துல கை பூரா இறங்கிருச்சு. கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துப் போச்சுன்னு சொன்னா. அப்பதான் இந்தப் பழக்கம் வந்தது. சோறு சாப்பிட்டு எந்திரிச்சு உக்காந்தாள்னா கை தலைக்குப் போயிரும். டிவி பார்க்கையில தலையில கை. அபி கூடப் பேசையில தலையில கை.

எனக்குப் பத்திக்கிட்டு வரும்மா. உங்க வீட்டுலயும் விட மாட்டாங்கதானே? தலையில கையை வச்சுக்கிட்டு உக்காருறது எப்ப? எல்லாம் போச்சுன்னா உக்காருறது. கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை இருக்குற வீட்டுல, விளக்கு வைக்கிற நேரத்துல இப்படி உக்காந்தா விளங்குமா? "ஏ மூதேவி, கையை எடு"ன்னு தட்டி விடுவேன். எடுத்துருவா. கொஞ்ச நேரத்துல திரும்பவும் போகும். திரும்பவும் தட்டுவேன். செல்லமாத்தான்மா தட்டுறது. ஒரு தடவை கரண்டியால வச்சேன், அது கொஞ்சம் பலமா விழுந்துருச்சு.

ஸ்கேன் எடுத்தப்ப கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்குற தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குதுன்னாங்க. ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், ரெண்டு மாசம் ஒழுங்கா பிசியோதெரபி பண்ணுனா சரியாயிரும்னு டாக்டர் சொன்னார். அப்படித்தான் இங்க வந்தோம், ஷெர்லி டாக்டர்கிட்ட. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை. தாடையில பெல்ட்டை மாட்டி மெஷின்ல கழுத்தை இழுத்து விடும். மோவாயைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணச் சொல்லும். சுவத்துல கையை வச்சுத் திரும்பச் சொல்லும். எல்லாம் சரி. கடைசியில ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. "வலி தாங்கலைன்னா கையைத் தூக்கித் தலை மேல வச்சுக்குங்க. கூச்சப்படாதீங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கலாம்."

எனக்கு எப்படி இருக்கும்? "டாக்டரம்மா, நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்க வீட்டுல இது ஆகாது. வேற ஏதாவது சொல்லுங்க"ன்னேன். அந்தப் பிள்ளை சிரிச்சுது. "நான் தலையில கை வச்சா எங்க அம்மாவும் கையிலேயே போடுவாங்க ஆன்ட்டி. ஆனா கையைத் தூக்குனா நரம்பு தொய்வாகுது, அதனால வலி குறையுது. உங்க தங்கச்சி உடம்பு அதுவா கண்டுபிடிச்ச வைத்தியம் இது"ன்னுச்சு. தமா என்னைப் பார்த்தா. நானும் மனசு இரங்கி, சரி, உன் ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு வச்சுக்கோ, கூடத்துல மட்டும் வேண்டாம்னேன். அவ்வளவு பெரிய மனசு எத்தனை பேருக்கு வரும்?

நிஜமாவே குணமாச்சும்மா. பொய் சொல்லக் கூடாது. மார்கழி கடைசியில ஒரு நாள் எந்திரிச்சு வர்றேன், வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருக்கா. வலது கையாலேயே. இழை ஒண்ணுகூட கோணலை. கழுத்து அசையாம இருக்க டாக்டர் குடுத்த காலர் பெல்ட்டை மாட்டிக்கிட்டு, குனிய முடியாம, குத்துக்கால் போட்டு உக்காந்து போட்டிருக்கா. "அக்கா, கட்டை விரல் தெரியுதுக்கா, மாவு நரநரன்னு தெரியுது"ன்னு சொல்லிச் சிரிச்சா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இன்னும் நாலு வாரம் விடாம பண்ணுனா முழுசா சரியாயிரும்னு ஷெர்லியும் சொல்லுச்சு.

தை முதல் வெள்ளிக்கிழமை அபியைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. கோவில்பட்டிக்காரங்க. பையன் பேங்க்ல ஆபீசர், ஒரே பையன், சொந்த வீடு. அப்படி ஒரு இடம் அமையுமா? நான் மூணு நாளா தூங்கலை.

அபிக்குப் புடவை கட்டி விடுறது எப்பவும் தமாதான். எனக்கு மடிப்பு நிக்காது, அவ கை வச்சா கத்தி மாதிரி நிக்கும். பிள்ளை வயசுக்கு வந்ததுல இருந்து அவதான் கட்டி விடுறா. அன்னிக்கும் காலையில இருந்து குனிஞ்சு குனிஞ்சு மடிப்பு எடுத்து, பின் குத்தி, தலை பின்னி, பூ வச்சு... காலர் பெல்ட்டைப் போட்டுக்கிட்டுக் குனிய வராதே, கழட்டி வச்சுட்டா. நான் கழட்டச் சொல்லலைம்மா. இதை எங்க வேணாலும் சொல்லுவேன். வர்றவங்க கண்ணுல கழுத்துப் பட்டையோட ஒருத்தி நின்னா, வீட்டுல என்ன சீக்கோன்னு நினைப்பாங்களேன்னு எனக்குக் கவலை இருந்துச்சு. அந்தக் கவலையோட அவ கழுத்தை ஒரு தடவை பார்த்தேன். அவ்வளவுதான். அவளா கழட்டுனா. கேசரியும் அவதான் கிண்டுனா.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அபி நமஸ்காரம் பண்ணுனா. பையனுக்குப் பிடிச்சுப் போச்சு, முகத்துலயே தெரிஞ்சுது. பையனோட அம்மா காபி டம்ளரை வாய்கிட்ட கொண்டு போறாங்க. அப்ப அவங்க கண்ணு எனக்குப் பின்னால போச்சு. திரும்பிப் பார்த்தேன். அடுப்படி நிலையில தமா நிக்கிறா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, முகம் வெளுத்து, கை தலை மேல.

அவளுக்கே தெரியலைன்னு நினைக்கிறேன். கை தானா போயிருக்கும். ஆனா அந்தம்மா டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. பாதிக் காபி அப்படியே இருந்துச்சு. கலந்துக்கிட்டுச் சொல்றோம்னு எந்திரிச்சாங்க. மூணாம் நாள் தரகர் போன் பண்ணி, அவங்களுக்குத் தோதுப்படலைன்னுட்டார்.

நான் பேசிட்டேன்மா. மனுஷிதானே? பேசிட்டேன். என்ன சொன்னேன்னு கேட்காதீங்க... சரி, சொல்றேன், உங்ககிட்ட என்ன. "உனக்குத்தான் ஒண்ணும் அமையலை. என் பிள்ளைக்கும் அமையக் கூடாதுன்னு தலையில கையை வச்சியாடி?"ன்னு கேட்டுட்டேன்.

அவ அழலை. அபிதான் அழுதா, "அம்மா, சித்தியை அப்படிச் சொல்லாத"ன்னு. எனக்கு அன்னிக்கு ஆத்திரம், அபியையும் சேர்த்துத் திட்டுனேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். தமா சொன்னா கேட்டுக்குவா, சின்னதுல இருந்தே அப்படித்தான். அன்னிக்குப் பிறகு ஒரு தடவைகூட அவ தலையில கையை வச்சு நான் பார்க்கலை. ரூமுக்குள்ளயும் வைக்கலை. கதவைத் திறந்து போட்டே படுப்பா, நான் போகையில வர்றையில பார்ப்பேன், வலது கை மேல தன் உடம்பைப் போட்டுப் படுத்திருப்பா. வலிக்குதுன்னும் சொல்லலை. இங்க வர்றதும் நின்னுச்சு. "போகலையா?"ன்னேன். "சரியாயிருச்சுக்கா"ன்னா. முகத்தைப் பார்த்தா வீம்புல சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. வீம்பு பிடிச்சவளைத் தாங்கிக்கிட்டு இருக்க எனக்கு எங்க நேரம்? அபிக்கு அடுத்த இடம் பார்க்கணுமே.

அந்தக் கோவில்பட்டிக்காரங்க கதை தெரியுமா? மாசியில தரகர் வீட்டுக்கு வந்தப்பச் சொல்றார், அவங்க எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாளே திருமங்கலத்துல ஒரு பொண்ணைப் பேசி முடிச்சுட்டாங்களாம். எங்ககிட்ட நாள் சொல்லிட்டோமேன்னு சும்மா வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. கொழுப்பு பார்த்தீங்களா? தமாகிட்ட நான் இதைச் சொல்லலை. பழசைக் கிளறி அவ மனசை எதுக்கு நோகடிக்கணும்?

அப்புறம் அவ பண்ணுனதெல்லாம் எனக்குப் பிடிக்கலைம்மா. சோத்தை ஸ்பூன்ல சாப்பிட ஆரம்பிச்சா. இதென்ன புதுசா ஆபீசர் பவுசுன்னு கேட்டேன், சிரிச்சா. கோலம் போடுறதை நிறுத்திட்டா, சோம்பேறித்தனம்னு திட்டிட்டு நானே போட்டேன். பங்குனியில ஒரு நாள் முடியைத் தோளோட கத்தரிச்சுட்டு வந்து நிக்கிறா! இடுப்புக்குக் கீழ தொங்குற முடிம்மா, எங்க அம்மா முடி. "ஏ கூறு கெட்டவளே, நாப்பத்திரண்டு வயசுல உனக்கு என்னடி ஸ்டைலு?"ன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தேன். பின்னிக்க முடியலைன்னு அவ சொல்லலை. சொல்லியிருந்தா நான் பின்னி விட மாட்டேனா? நீங்களே சொல்லுங்க. சின்னப் பிள்ளையில நான்தானே பின்னி விட்டேன்?

இதுக்கு நடுவுல அபிக்குச் சாத்தூர்ல இடம் அமைஞ்சு, பூ வச்சு, வைகாசி பன்னெண்டு கல்யாணம்னு முடிவாயிருச்சு. இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. போன வாரம் அண்ணாச்சிக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். வாங்கி மேசையில வச்சுட்டு, "தமயந்தியை எப்ப வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டார். எந்த வைத்தியம்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணு மாசமா அந்தப் பிள்ளை இடது கையால ஒத்தை விரல் வச்சுத்தான்மா டைப் அடிக்குது. வலது கை மேசை மேல சும்மா கிடக்குது. வீட்டுல தெரியும்னு சொல்லுச்சே"ன்னார்.

வீட்டுக்கு வந்து அவ கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழ மேடு இருக்கும் பாருங்க, சதை. அது பள்ளமா இருந்துச்சும்மா. இன்னொரு கையைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒருத்தி கை மாதிரியே இல்லை. ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே தட்டத்துல இருந்து அப்பளம் எடுக்குறோம், நான் பார்க்கலையே! பெத்தவ இருந்திருந்தா பார்த்திருப்பாளோ என்னமோ.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். திரும்ப ஸ்கேன். தட்டு முன்னைவிட அதிகமா பிதுங்கி ரெண்டு நரம்பை நசுக்குதாம். பெரிய டாக்டர் கத்துறார், "பொருள் கைநழுவி விழ ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருக்க வேண்டாமா?"ன்னு. உடனே ஆபரேஷன் பண்ணணும், தள்ளத் தள்ளப் போனது திரும்பாது, இப்பப் பண்ணுனாலும் எவ்வளவு திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்னுட்டார். ஏன் நடுவுல பிசியோதெரபியை விட்டீங்கன்னு கேட்டார். தமா சொல்றா, "எனக்குத்தான் சோம்பேறித்தனம் டாக்டர்." எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை எதுக்குப் பார்க்கணும்? அவளே சொல்லிட்டாளே.

ஆனா பஸ்ஸுல வர்றப்பப் பிடிவாதம் பிடிச்சா. "அக்கா, கல்யாணம் முடியட்டும். அபிக்கு நான்தான் புடவை கட்டி விடுவேன். அது முடிஞ்சதும் நீ எங்க சொல்றியோ அங்க வந்து படுக்குறேன்"னா. வாழ்க்கையில அவ என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். எனக்கு அந்த நேரத்துல அது தோணலை. டாக்டர் சொன்னதுதான் மண்டையில ஓடுது. "இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிடி கட்டி விடுவ? பியூட்டி பார்லர் பொண்ணுக்கு எப்பவோ சொல்லியாச்சு. நீ நிம்மதியா ஆஸ்பத்திரியில இரு. கல்யாணத்துல சம்பந்தி வீட்டு ஆளுக உன் கையைப் பார்த்து ஒண்ணு கேட்டு வைக்கவும் வேண்டாம். ரெண்டுக்கும் நல்லது"ன்னேன்.

ஆறுதலாத்தான்மா சொன்னேன். சத்தியமா ஆறுதலாத்தான் சொன்னேன்.

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கிருஷ்ணன்கோவில் தாண்டுற வரைக்கும் திரும்பவே இல்லை. அப்புறம், "திங்கக்கிழமையே வச்சுக்கச் சொல்லுக்கா"ன்னா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அபியோட கூறைப்புடவையை எடுத்து, மடி மேல போட்டு, இடது கையால தடவிப் பார்த்துட்டுத் திரும்பப் பெட்டியில வச்சா. அபி அவ மடியில விழுந்து அழுதுட்டா. நான் அடுப்படியில நின்னு பார்த்தேன், உள்ள போகலை. போயிருக்கணும்.

ஆபரேஷனுக்கு முன்னால கையோட பலம் எவ்வளவுன்னு எழுதிக் கேட்டாங்க, பழைய கணக்கு இங்கதானே இருக்குன்னு இன்னிக்குக் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பிள்ளை ஷெர்லி தமாவைப் பார்த்ததும் அப்படியே நின்னுருச்சு. "என்னக்கா இப்படி ஆயிருச்சு? நான் எத்தனை தடவை போன் பண்ணுனேன்"னு கேட்டுச்சு. தமா எடுக்கலைபோல. என்கிட்டயும் சொல்லலை. பிடிச்சு அமுக்குற கருவி ஒண்ணு இருக்கு பாருங்க, கடிகாரம் மாதிரி முள்ளு வச்சது, அதைக் கையில குடுத்துச்சு. மார்கழியில முள்ளு பாதிக்கு மேல போனது எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னிக்கு முள்ளு அசையலை. "பரவாயில்லை, இன்னொரு தடவை"ங்குது. அசையலை. கருவி கெட்டுப் போயிருக்கும்னு நான் சொன்னேன்.

ஷெர்லி என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, உங்க ரெண்டு விரலைக் குடுங்க"ன்னுச்சு. என் விரலை எடுத்துத் தமா உள்ளங்கையில வச்சுது. "அக்கா, இவங்களை விடாம இறுக்கிப் பிடிங்க. உங்க பலம் பூராவும் போடுங்க"ன்னு சொல்லுச்சு.

தமா கையைப் பார்க்கலைம்மா. என் மூஞ்சியத்தான் பார்த்தா. பல்லைக் கடிச்சா, நெத்தியில நரம்பு புடைச்சுது, கழுத்து நடுங்குச்சு. ஒம்பது வயசுல எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல என் விரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நீயும் விட்டுட்டுப் போயிருவியாக்கான்னு. அன்னிக்கு என் விரல் கன்னிப் போச்சு, அப்படிப் பிடிச்சிருந்தா. ஷெர்லி கேட்குது, "ஆன்ட்டி, பிடி தெரியுதா?" நான் தெரியுதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

தெரியலைம்மா. என் விரல் ரெண்டும் அவ கைக்குள்ளதான் இருந்துச்சு. அவ என்னைப் பிடிச்சிருந்தாளா, விட்டுட்டாளான்னு எனக்குத் தெரியலை.